கசந்த தண்ணீர்

கரட்டூர் ஜமீன்தாருக்குத் தன் கிணற்றைப் பற்றி மகா பெருமை. "கரும்புச்சாறு தோத்துப்போகும்" என்பார். கோடை வந்ததும் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தோட்டக்காரி இருளாயியைக் கூப்பிட்டார்.

"சொட்டுத் தண்ணி தரமாட்டேன். திருவிழாவுக்கு விருந்தாளிங்க வர்றப்போ தோட்டம் பச்சையா இருக்கணும். இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு!"

இருளாயி கரட்டு மேட்டுக்குப் போய், தண்ணீர் ஊற்றாமலே தழைக்கும் கற்றாழையும் ரணகள்ளியும் பிடுங்கி வந்து தொட்டியெல்லாம் நட்டாள்.

விருந்தாளிகள் வந்தபோது தோட்டம் கொழுகொழுவென்று நின்றது. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவள் சாதித்துவிட்டது ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை. கற்றாழை மடல் ஒன்றை ஒடித்தார். சாறு சொட்டியது.

"பாருங்க, என் கிணத்துத் தண்ணியைத் திருடி ஊத்தியிருக்கா!"

"உங்க தண்ணி ருசி உங்களுக்குத் தெரியாதா எசமான்? நாக்குல வச்சுப் பாருங்க."

எல்லார் முன்னாலும் நக்கினார். முகம் அஷ்டகோணலானது.

"தூ! கசக்குது!"

"அப்ப அது உங்க கிணத்துத் தண்ணி இல்லீங்களே. ஐப்பசியில பெஞ்ச மழைங்க. செடி குடிச்சுச் சேத்து வச்சிருக்கு."

விருந்தாளிகள் சிரித்த சிரிப்பில் ஜமீன்தாரின் மானம் போய், கிணற்றுச் சாவி அவள் கைக்கு வந்தது. இறைத்த முதல் குடத்தைக் கற்றாழைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினாள். கிட்டப் போன பிறகுதான் நினைவு வந்தது, இவ்வளவும் ஊற்றினால் அது அழுகிவிடுமே! குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கற்றாழையைப் பார்த்துக் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டாள்.