தக்காளித் திருடனும் தீவட்டிக் காவலும்

பூவாயி ராணியம்மாளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி தலை, குடியானவள் தலை என்று பேனுக்குத் தெரியுமா என்ன? ஒன்றைப் பிடித்து நகத்தில் வைத்து 'சொடக்'கென்று நசுக்கினாள். அந்த நேரம் பார்த்து சபையிலிருந்து ஒரே கூச்சல்.

கூச்சல் போட்டது கொன்றையூர் ராஜா. தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி வளர்த்த தக்காளிச் செடிகள் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. இப்போது காய்க்குக் காய் ஓட்டை! தளவாய் எட்டியப்பர் தோட்டத்தைச் சுற்றி வீரர்களை நிறுத்தி, பாத்திக்குப் பாத்தி தீவட்டி நட்டு, விடிய விடியக் காவல் போட்டும் ஓட்டை கூடியதே தவிரக் குறையவில்லை.

"வெளியாள் ஒருத்தனும் வரலை மகாராஜா. அப்போ தின்னது உள்ளாள்தான். தோட்டக்காரன் கருத்தான்!" என்றார் தளவாய்.

கருத்தான், பூவாயியின் புருஷன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனுஷன். மலங்க மலங்க விழித்தான். பூவாயி பேன்சீப்பை ராணி தலையிலேயே செருகிவிட்டு சபைக்கு ஓடினாள். அவள் வாய்த்துடுக்கு அரண்மனைக்கே தெரியும்.

"மகாராஜா, எங்க வீட்டுக்காரர் திருடலை."

"அப்போ யாரு? நாளைக் காலையில அந்தத் திருடன் இங்கே இருக்கணும். தன் வாயாலேயே ஒத்துக்கணும். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் மூட்டை கட்டிக்கிட்டு ஊரைவிட்டுக் கிளம்புங்க!"

மறுநாள் பூவாயி தன் சின்ன மகளை ராணியம்மாளிடம் விட்டுவிட்டு, ஒரு தாம்பாளத்தைத் துணி மூடிக் கொண்டுவந்தாள். சபையே எட்டிப் பார்த்தது. துணியை எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு தக்காளிக்காய். அதில் தலையை உள்ளே விட்டு, உடம்பை வெளியே போட்டுக்கொண்டு ஒரு கொழுத்த பச்சைப் புழு!

"திருடன் இவன்தான். வாயால ஒத்துக்கச் சொன்னீங்க. பாருங்க, வாயை எடுக்கவே மாட்டேங்கிறான்!"

சபை குலுங்கியது. தளவாய் மீசையை முறுக்கினார்.

"என் ஆளுகளைத் தாண்டி இந்தப் புழு எப்படி உள்ளே வந்துச்சாம்?"

"அது வரலைங்க ஐயா, அங்கேயே பொறந்தது. அதோட அம்மாக்காரிதான் பறந்து வந்து இலையில முட்டை வெச்சுட்டுப் போனா." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். செத்த அந்துப்பூச்சி ஒன்று.

"அடடே, விளக்கைச் சுத்துமே, அதுவா?" என்றார் ராஜா.

"அதேதான் மகாராஜா. முன்னே தோட்டம் இருட்டு, ஏதோ ஒண்ணு ரெண்டு வந்துச்சு. இப்போ பாத்திக்குப் பாத்தி தீவட்டி. ஊர்ல இருக்கிற அம்மாக்காரி எல்லாம் பிரசவத்துக்கு இங்கேதான் வர்றாளுக!"

ராஜா மெல்லத் திரும்பினார். "எட்டியப்பா! வெளிச்சம் காட்டிக் கூட்டிட்டு வந்தது நீயா?"

தளவாயின் தலைப்பாகை வேர்வையில் நனைந்தது.

"இவருக்கு என்ன தண்டனை? நீயே சொல்லு பூவாயி."

"ஐயோ, பெரியவருக்குத் தண்டனையா? காவலே நடக்கட்டும். ஆனா தோட்டத்துல வேண்டாம். தூரமா, குளத்தங்கரையில, அண்டா நிறையத் தண்ணி ஊத்தி, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு, அதுக்கு நேரா ஐயாவே தீவட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்காரட்டும். அம்மாக்காரிக எல்லாம் அவரைத் தேடி வந்து அண்டாவுல விழுவாளுக. பிள்ளைகளை எங்க வீட்டுக்காரர் ஓட்டைக் காயோட பறிச்சு அழிச்சிடுவார்."

"தன்னந்தனியாவா உட்காருறது?" என்றார் தளவாய்.

"துணைக்கு உங்க மச்சானைக் கூட்டிக்கோங்க ஐயா. தோட்டத்து வேலை கிடைக்குமான்னு பாவம், ஒரு மாசமா உங்க வாசல்லதானே காத்திருக்கார்!"

ராஜா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பில் கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. கருத்தான்கூடப் பல்லைக் காட்டிவிட்டான்.

"சபாஷ்! என்ன பரிசு வேணும், கேளு!"

அதுவரை பொரிந்து தள்ளிய பூவாயிக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. முந்தானை நுனியைத் திருகினாள்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. அந்தச் செடியில முதல்ல பழுக்கிற பழத்தை நீங்களே பறிச்சு, இந்தச் சபையில எல்லார் முன்னாலயும் எங்க வீட்டுக்காரர் கையில..."

"அடியே பூவாயி!" அந்தப்புரத்திலிருந்து ராணியம்மாள் குரல். "உன் மக தயிர்ப்பானைக்குள்ள இறங்கி உட்கார்ந்திருக்காடி! ஓடி வா!"