அஞ்சலை கை நீட்டவில்லை

உதடு பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்குக் காசு வாங்காமல் அறுவை சிகிச்சை செய்யும் சிறிய மருத்துவமனை அது. அதை நடத்தியவர் டாக்டர் எஸ்தர். அவரிடம் தொழில் கற்க வந்திருந்தார் டாக்டர் கதிரேசன். வயதில் எஸ்தரைவிட மூத்தவர். பெரிய மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

அன்றுதான் முதல் முறையாக ஒரு குழந்தைக்கு அவர் தனியாக அறுவை சிகிச்சை செய்தார். எஸ்தர் பக்கத்தில் நின்றார், கை வைக்கவில்லை. குழந்தையின் பெயர் தீர்த்தகிரி. அரூருக்கு மேலே ஒரு மலையூரிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள் தாய் அஞ்சலை.

மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் குழந்தையை அவளிடம் நீட்டினாள். அஞ்சலை உற்றுப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"இது என் புள்ளை இல்லீங்க."

"உன் புள்ளைதாம்மா. உதடு சேந்திருக்கு பாரு."

"இல்லீங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தை பசியில் வீறிட்டது. நர்ஸ் பாலாடையில் பால் புகட்டிப் பார்த்தாள். எல்லாம் கடைவாயில் வழிந்தது.

கதிரேசன் எஸ்தரின் அறைக்கு வந்தார்.

"என் தையல்ல ஏதாவது குறை இருக்கா டாக்டர்?"

"இல்லை. நான் செஞ்சிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்."

"அப்புறம் என்ன? ஊரே அந்தக் குழந்தையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிச்சுன்னு அவதான் சொன்னா. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு, பெத்தவளே திரும்பிக்கிறா. சந்தோஷப்பட வேண்டாமா?"

எஸ்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குழந்தை எப்படிச் சிரிக்கும், சார்?"

"இடது பக்கம் முழுப் பிளவு. மூக்குத் துவாரம் வரைக்கும்..."

"பிளவைக் கேக்கல."

எஸ்தர் எழுந்தார். கதிரேசனும் பின்னாலேயே போனார்.

வார்டில் அஞ்சலையின் கட்டில் ஓரமாக எஸ்தர் உட்கார்ந்தார்.

"அஞ்சலை, உன் புள்ளை எப்படிச் சிரிப்பான்? எனக்குத் தெரியாது. நீ காட்டு."

அஞ்சலை திரும்பினாள். கேலி செய்கிறார்களோ என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஒரு விரலால் தன் மேலுதட்டை மூக்குவரை தூக்கிப் பிடித்தாள். ஈறு தெரிந்தது. கண்களைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

"இப்படிங்க. மூஞ்சி பூரா சிரிப்பான். நான் ஒருத்திதான் பாத்தேன். வேற யாரும் நின்னு பாக்கல."

விரலை எடுத்தாள். உதடு துடித்தது.

குரல் கேட்டு, நர்ஸின் தோளில் கிடந்த குழந்தை அழுகையை நிறுத்தித் தலையைத் திருப்பியது. அஞ்சலை கைகளை நீட்டினாள். வாங்கியவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"இவன்தான்."

பாலாடையை அவளே வாங்கிப் புகட்டினாள். அவன் குடித்தான். அவள் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது.

வாசலுக்கு வந்ததும் கதிரேசன் மெல்லக் கேட்டார்.

"அதான் வாங்கிக்கிட்டாளே டாக்டர். இன்னும் அழறா. என்ன சொல்லித் தேத்தறது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம், சார். அந்தப் பழைய முகத்தை வழியனுப்பறா. அதுக்கு ஊர்லேருந்து யாரும் வர மாட்டாங்க. நீங்க போய்க் கூட உட்காருங்க."