கரிச்சான் கருக்கலில் எழுந்த கதை

மரமும் மீனும் பறவையும் ஒன்றையொன்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், விடியற்காலை காக்கைக்குச் சொந்தமாக இருந்தது. கிழக்கு வெளுக்கும் முன்னே எழும்பும் பறவை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெயில் முதுகைச் சுட்ட பிறகே கண்ணைத் திறக்கும். அதனால் ஏரிக்கரை முழுக்கக் 'காக்கை அண்ணாச்சி' என்று அதற்கு ஏக மரியாதை. அண்ணாச்சி அந்த இருட்டில் என்ன செய்கிறார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

கேட்காமலே தெரிந்துகொண்டவள் அஞ்சனி. கரிச்சான் குருவி. கரையோரப் புங்கமரத்தில், கிளைநுனிக் கவையில் அவளுடைய கூடு. புருஷன் பெயர் வாலன். அந்த நாளில் குருவிகள் முட்டையை இலையால் மூடிவிட்டுப் பக்கத்துக் கிளையில் தூங்கும். சித்திரையில் மூன்று முட்டை இட்டாள். ஒரு காலை எழுந்து பார்த்தால் ஓடுதான் கிடந்தது.

வைகாசியில் மறுபடி மூன்று. இந்தத் தடவை தூங்காமல் காவல் இருந்தாள். அண்ணாச்சி வந்தார்.

"என்ன தங்கச்சி, முழிச்சா இருக்கே? இரு, இரு. உனக்கு எதுக்குச் சிரமம், நானே எடுத்துக்கிடுதேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. அவள் கண்முன்னாலேயே. அஞ்சனிக்குக் கத்த வாய் வரவில்லை. கால் கிளையை விடவில்லை. தூங்கிப் பறிகொடுத்ததைக்கூட மறந்துவிடலாம். விழித்திருந்து பறிகொடுத்ததுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மிச்சம் இருந்தது ஆனியில் ஓர் ஈடு முட்டை. ஆடிக்காற்று வந்துவிட்டால் கவையில் கூடு நிற்காது. பிறகு அடுத்த வருஷம்தான்.

"இந்தா பாருங்க, இந்த ஈட்டை நான் குடுக்க மாட்டேன்" என்றாள் வாலனிடம். "அவர் எழும்புறதுக்கு முந்தி நான் எழும்பப் போறேன்."

"யாரு, நீயா? நேத்து எறும்பு கடிச்சும் எழும்பாதவளா?" என்றான் வாலன்.

கூடு கட்டி முட்டையிட இருபது நாள் இருந்தது. அஞ்சனி அன்றைக்கே ஒரு பெரிய திட்டம் போட்டாள். விடிவெள்ளியோடு எழும்ப வேண்டும். மரத்தை ஏழு சுற்றுச் சுற்ற வேண்டும். ஏரியில் மூன்று முழுக்கு. அலகைப் பாறையில் தீட்ட வேண்டும். அடித்தொண்டையில் கத்திப் பழக வேண்டும். இத்தனையும் முடித்துவிட்டு, காற்றை எதிர்த்து அடுத்த கரை வரை போய் வர வேண்டும்.

முதல் நாள் எல்லாம் செய்தாள். நடுப்பகலில் தும்பியைத் துரத்தும்போதே தூங்கிப்போய் சகதியில் விழுந்தாள். இரண்டாம் நாள் பாதி செய்தாள். மூன்றாம் நாள் வெயில் வந்து எழுப்பியது.

"ஏட்டி, ஏழு சுத்தும் சுத்தியாச்சா?" என்று வாலன் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சிரிக்கவில்லை.

அன்று முழுக்க அவள் அதையே யோசித்தாள். ஏழு சுற்றும் போயிற்று, முழுக்கும் போயிற்று. தினமும் தவறாமல் நடந்தது ஒன்றே ஒன்று. இருட்டின் கடைசியில் ஏரியிலிருந்து ஒரு குளிர்ந்த காற்று வரும். அது பிடரியில் பட்டதும் அரைத்தூக்கத்திலேயே உடம்பைச் சிலிர்த்து உதறிக்கொள்வாள். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. செய்ய வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

"அப்போ அந்த உதறலோட வாலைப் பிடிச்சுக்கிடுவோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காற்று பட்டது. உதறினாள். உதறிய கையோடு ஒரே ஒரு குரல் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். அன்றைய வேலை அவ்வளவுதான். அடுத்த நாளும் அதுதான். ஆறாம் நாள் கீழ்க்கிளை மணிப்புறா மேலே ஏறி வந்தாள்.

"எம்மா அஞ்சனி, உனக்குப் புண்ணியமாப் போகும். அந்தக் கூவலை நிறுத்து."

"ஒண்ணே ஒண்ணுதானே மதினி?"

"ஒண்ணுதான். அது தினமும் அதே நேரத்துக்கில்லா வருது! இன்னைக்கு நீ கூவுறதுக்கு முன்னாடியே எனக்கு முழிப்புத் தட்டிட்டு."

அதைக் கேட்டதும் அஞ்சனிக்கு அப்படி ஒரு சந்தோஷம். எட்டாம் நாள் இன்னொன்று சேர்த்தாள். உதறல், குரல், குரலோடு ஒரு பாய்ச்சல். கிளையை விட்டு இருட்டுக்குள் பாய்ந்து, பாதி கட்டிய கூட்டை உரசிக்கொண்டு போய், அதே கிளைக்குத் திரும்பி வருவது. முதலில் சுள்ளியில் மோதினாள். ஒரு தடவை வாலன் மேலேயே மோதினாள். மழை கொட்டிய நாளில் குரல் கம்மி, பாய்ச்சல் அரை முழம்தான். ஆனாலும் விடவில்லை. "பெரிசா இருக்கணும்னு இல்ல, இருக்கணும்" என்பாள்.

ஆனியில் மூன்று முட்டை இட்டாள். வெள்ளையில் செம்புள்ளி போட்ட முட்டைகள்.

காக்கை அண்ணாச்சிக்கும் சேதி எட்டியது. புங்கமரத்தில் யாரோ தனக்கு முன்னால் எழும்புவதாவது! ஒரு நாள் தன் வழக்கத்தை விட்டு இன்னும் வெள்ளனவே கிளம்பினார். கூட்டின் விளிம்பில் கனமாக வந்து உட்கார்ந்தார். கூடு ஒரு பக்கம் சாய்ந்தது.

"என்ன தங்கச்சி, பாட்டெல்லாம் படிக்கியாமே? நல்லது. நீ படி, நான் சாப்பிடுதேன்."

அஞ்சனி விழித்துக்கொண்டாள். பழைய பயம் அப்படியே வந்து ஏறிற்று. வாய் அடைத்தது, கால் கிளையோடு ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி காலால் இலையை விலக்கினார். வைகாசியில் நடந்ததேதான் மறுபடி நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் ஏரிக்காற்று வந்து பிடரியில் பட்டது.

உடம்பு சிலிர்த்து உதறியது. உதறியதும் குரல் வந்தது, குரலோடு பாய்ச்சல். அவள் முடிவு செய்து பாயவில்லை. பதினேழு விடியலாகப் பாய்ந்த பாதையில் அன்றும் பாய்ந்தாள். இன்றைக்கு அந்தப் பாதையின் நடுவில் அண்ணாச்சியின் முதுகு இருந்தது. கூவித் திறந்த அலகு அவர் பிடரியில் போய் மூடியது.

"ஐயோ! அடியே! விடுடீ!"

முட்டையை மறந்து, மரியாதையை மறந்து, அண்ணாச்சி இறகு பறக்க ஓடினார். அஞ்சனி பாதி ஏரி வரை அவர் முதுகிலேயே போனாள். பிறகு திரும்பி வந்து அதே கிளையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு வால்நுனி வரை நடுங்கியது.

"ஏட்டி, நீ பயப்படவே இல்லையா?" என்றான் வாலன், வாயைப் பிளந்தபடி.

"இப்பத்தான் பயப்படுதேன். கொஞ்சம் சும்மா இருங்க."

பொழுது விடிந்ததும் மணிப்புறா வந்து ஒரு சுற்றுக் கிளைகளை நோட்டம் விட்டாள். "எம்மா, இந்தக் கிளையில இடம் இருக்கா? நானும் இங்கேயே கூட்டைக் கட்டிக்கிடுதேன். நாளைக்கும் கூவுவேல்லா?"

"நாளைக்கும்தான் மதினி. அதுக்கு மறுநாளும்தான்."

மூன்று முட்டையும் பொரிந்தன. மூன்று குஞ்சும் ஆடிக்கு முன்னே பறந்தன.

அந்த விடியலிலிருந்துதான் இருட்டில் முதல் குரல் கரிச்சானுடையதாக இருக்கிறது. புறாவும் சின்னக் குருவிகளும் அது இருக்கும் மரமாகப் பார்த்துக் கூடு கட்டுகின்றன. காக்கையோ பருந்தோ, எத்தனை பெரிய உருவம் வந்தாலும் கரிச்சான் பாய்ந்து முதுகில் கொத்திவிட்டு, புறப்பட்ட கிளைக்கே திரும்பி வருகிறது. வந்து உட்கார்ந்ததும் அதன் வால் படபடவென்று ஆடும், பார்த்திருப்பீர்கள். அஞ்சனியின் பயம்தான் அது. வேலை முடிந்த பிறகுதான் அதற்கு முறை.