பிரிமுலாவின் நடுத்தூர்

கோத்தகிரிக்கு மேலே, நாச்சியம்மை அம்மாளின் ஆசிரமத் தோட்டத்தில் பிரிமுலாப் பூப்பாத்தி திருமேனிநாதனின் பொறுப்பு. குருவுக்கு வயது நாற்பத்தைந்து, சீடருக்கு எழுபது. வசந்தத்தில் பூத்து முடிந்ததும் தூரைத் தோண்டிப் பிரித்து நடவேண்டும் என்று அம்மாள் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செழிப்பாக இருப்பதை எதற்குக் கூறுபோட வேண்டும் என்று இவரும் மூன்று வருஷமாகத் தட்டிக்கழித்து வந்தார். வீட்டிலும் அவர் வைத்த சட்டம் அதுதான்.

அந்தச் சித்திரையில் மலையேறி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அம்மா, பெரியவன் தனிக்குடித்தனம் போறேங்கிறான். அவனைப் பாத்துச் சின்னவனும் கிளம்பிட்டான். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் இங்கே கூட்டிட்டு வர்றேன். ஒரே வீட்டுல இருங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பேச்சைத் தட்ட மாட்டானுங்க.”

“இந்த வருஷம் பூ எப்படி ஐயா?”

“ஓரத்துல நாலஞ்சு. நடுவுல ஒண்ணுமில்லை.”

அவருக்கு எரிச்சலாக வந்தது. குடும்பமே உடைகிறது, இந்த அம்மாளுக்குப் பூவைப் பற்றி விசாரணை!

“தோண்டுங்க” என்றார் அம்மாள்.

தோண்டினார். மண்ணை உதறியதும் ஓரத்துக் கன்றுகளை வேரோடு பிரித்தெடுக்கச் சொன்னார் அம்மாள். இவர் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் வாங்கி, சாண் இடைவெளி விட்டு நட்டுத் தண்ணீர் ஊற்றினார் அம்மாள். கடைசியில் இவர் கையில் நடுத்தூர் மட்டும் மிஞ்சியது. முற்றிக் கட்டையாகி, உள்ளே அழுகிக் கிடந்தது.

“இதை எங்கே நடறது?”

அம்மாள் வேலியோரத்து உரக்குழியைக் காட்டினார்.

 திருமேனிநாதனுக்கு, எவரோ தன்னையே கைகாட்டியதுபோல அவமானமாக இருந்தது.

“குப்பைக்கா? இது தாய்த்தூர் அம்மா. அத்தனை கன்றும் இதுலேருந்துதானே வந்துச்சு?”

“வந்துச்சு ஐயா. நகர இடம்தான் குடுக்கலை.”

அவர் அதைக் கீழே போடவில்லை. வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

“சரிம்மா. ஞாயித்துக்கிழமை பசங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

அம்மாள் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“அவங்க போன மாசமே வந்தாங்க ஐயா. உங்களை இங்கேயே வெச்சுக்க முடியுமான்னு கேட்டுட்டுப் போனாங்க.”