கரடிக்காக முடிக்காத பாட்டு

அந்தக் காலத்தில், ஆடும் கரடியும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய காலத்தில், கரடிக்கும் தூக்கம் ராத்திரிக்கு மட்டும்தான். பனிக்காலத்தில்கூட அது பசித்த வயிறோடு மலையெல்லாம் அலையும். போலந்து நாட்டின் தெற்கே, தத்ரா மலையடிவாரத்து ஜனங்கள் அதனால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த அடிவாரத்தில் ப்ரோன்கா என்பவள் ஒரு மரவீட்டில் சாப்பாட்டு விடுதி நடத்தினாள். ஆட்டுப்பாலில் செய்து அடுப்புப் புகையில் பழுக்கவைத்த அவளுடைய பாலாடைக்கட்டிக்காக மலை தாண்டி ஆட்கள் வருவார்கள். பால் கொடுக்கும் ஆடுகள் கொல்லைப் பட்டியில் இருந்தன. ஆடு போனால் விடுதியே போச்சு.

விடுதியில் வாத்தியக்காரர்கள் சாப்பிடுகிறவர்களின் மேஜையருகே நின்றுகொண்டே வாசிப்பார்கள். பாட்டு முடியும்வரை மேஜையைவிட்டு யாரும் எழக் கூடாது. எழுந்தால் வாத்தியக்காரனைக் கன்னத்தில் அறைந்த மாதிரி. அதேபோல, யார் முன்னால் வந்து ஒரு அடி பாடினாலும் வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டை எடுத்து வாசித்தே ஆகவேண்டும். இந்த இரண்டையும் அங்கே மீறியவர் கிடையாது.

பிடில்காரன் யென்ட்ரெக் மகா கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குச் சமமாகக் கர்வமும் உண்டு. பாட்டு முடிகிற இடத்தில் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்து, வில்லை விட்டத்தை நோக்கி ஒரு வீச்சு வீசுவான். தொட்டிலில் தூங்கும் பிள்ளை வீறிட்டு எழும். கேட்டால், "அந்தக் கடைசி வீச்சு இல்லேன்னா அது என்ன பாட்டு?" என்பான்.

பனி கொட்டிய ஒரு மத்தியானம் கரடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"ப்ரோன்கா, உன் ஆடுகளைத் தின்னப்போறேன். திருடித் தின்னு எனக்குப் பழக்கமில்ல. அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."

"அம்மா, அது சொல்றதக் கேட்டியா?" என்று பட்டியிலிருந்து ஆடுகள் கத்தின.

ப்ரோன்கா கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். அவள் பயந்து யாரும் பார்த்ததில்லை.

"பச்சை மாமிசத்துல என்ன ருசி இருக்கு, கரடியாரே? உட்காருங்க. சூடா சாப்பிடுங்க. பாட்டு முடிஞ்சதும் எழுந்து போய் ஆட்டைப் பிடிச்சுக்கங்க. நான் குறுக்கே நிக்கமாட்டேன்."

"வாக்கு மாறமாட்டியே?"

"மாறமாட்டேன். ஆனா விடுதிச் சட்டம் உங்களுக்கும்தான்."

கரடி சம்மதித்து உட்கார்ந்தது, பெஞ்சு முனகியது. யென்ட்ரெக்குக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, பாட்டுன்னா முடியத்தானே செய்யும்?" என்று கிசுகிசுத்தான்.

"வயித்தை நான் பாத்துக்கறேன். பாட்டை நீ பாத்துக்க."

யென்ட்ரெக் மேஜையருகே நின்று வாசிக்கத் தொடங்கினான். விலா எலும்போடு கொதித்த புளித்த முட்டைக்கோஸ் சூப் வந்தது. உருளைக்கிழங்கு அடை வந்தது. நெருப்பில் வாட்டிய பாலாடைக்கட்டி, மேலே புளிப்புச் செம்பழக் கூழோடு, தட்டுத் தட்டாக வந்தது. கரடி தின்றது, மறுபடி கேட்டது, மறுபடியும் தின்றது. பனிக்காலத்தில் அதன் வயிறு நிறைந்தது அன்றுதான். தலை மெல்ல மேஜைமேல் சாய்ந்தது. ஒரு கண் மூடியது. இன்னொரு கண் ஆட்டுப்பட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

பாட்டோ முடிவுக்கு வந்துவிட்டது. பாழாய்ப்போன பழக்கம், யென்ட்ரெக்கின் குதிகால் தானாகத் தூக்கிக்கொண்டது. வில்லும் கிளம்பிவிட்டது.

ப்ரோன்கா பாய்ந்து அவன் முன்னால் நின்றாள். மலைக்காரர்கள் பாடினால் பக்கத்து மலைக்குக் கேட்கும். அவளோ குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குப் பாடுவதுபோலப் பாடினாள்:

"மலைமேலே பனி விழுது,
எழுந்து போக வழி ஏது?"

யென்ட்ரெக்கின் கால் அந்தரத்தில் நின்றது. ஒரு மிதி மிதித்திருந்தால் அவன் பாட்டு முழுமையாகியிருக்கும், ஆடுகள் ஒழிந்திருக்கும். அவன் மிதிக்கவில்லை. முட்டைமேல் வைப்பதுபோலக் காலைத் தரையில் வைத்து, பாட்டின் வாலை அவள் பாட்டோடு சேர்த்து இழுத்தான். அவன் கண்ணில் நீர் கட்டியது. முடிக்காத பாட்டு அவனுக்கு அப்படி வலித்தது.

கரடியின் அந்த இன்னொரு கண்ணும் மூடியது.

பிறகு எல்லோருமாகக் கரடியைச் சறுக்குவண்டியில் ஏற்றிக் குகையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். பிடிலை மட்டும் நிறுத்தவில்லை. யென்ட்ரெக் வாசித்தபடியே விலகி நடந்தான். சத்தம் தேய்ந்து தேய்ந்து பனியில் கரைந்தது. பாட்டு முடிந்ததைக் கரடியின் காது கேட்கவே இல்லை. முடியாத பாட்டுக்கு நடுவில் எழலாமா? கரடி மரியாதை தெரிந்தது. தூங்கிக்கொண்டே இருந்தது.

வசந்தம் வந்தபோது உச்சியிலிருந்து ஒரு பனிப்பாறை சரிந்து தடாரென்று விழுந்தது. மலையே குலுங்கியது.

"அப்பாடா! யென்ட்ரெக் ஒரு வழியா முடிச்சுட்டான்" என்று கரடி எழுந்து வெளியே வந்தது. புல் முளைத்திருந்தது, ஆற்றில் மீன் துள்ளியது. ஆட்டின் ஞாபகமே அதற்கு வரவில்லை.

அன்று முதல்தான் கரடி பனிக்காலம் முழுக்கத் தூங்குகிறது. அந்த விடுதியில் பனி விழும் மாதங்களில் ஒரு பாட்டை முடிக்காமலே அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடைசி வீச்சை வசந்தத்தில் மலை பார்த்துக்கொள்கிறது.