வெள்ளைப் பெயிண்ட் வைத்த திருகு

"வாத்தியாரம்மா, என் கையில மட்டும் மெஷின் ஏன் சாகுது?"

சடையாண்டி இரண்டு பிஸ்டன்களை மேசைமேல் வைத்தார். மரம் அறுக்கும் இரண்டு மெஷின்களிலிருந்து கழற்றியவை. இரண்டின் பக்கமும் பூனை பிராண்டியது போல் கீறியிருந்தது.

வேலுத்தாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மற்றதையும் பார்த்தார்.

"ரெண்டும் பட்டினியில செத்திருக்குண்ணே."

"பட்டினியா? டேங்க் நிறைய பெட்ரோல் ஊத்தினேனே!"

"டேங்க்ல இருந்துச்சு. வயித்துக்குப் போகல."

சடையாண்டிக்கு ஐம்பது வயது. வேலுத்தாய்க்கு அவரைவிடப் பன்னிரண்டு குறைவு. மலைமேல் ஒரு தகரக் கொட்டகையில் அறுவை மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். மரம் வெட்டுகிறவர்கள் அவரை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார்கள். முதலில் கேலிக்கு. பிறகு கேலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

வாசலில் இன்னொருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தோளில் ஒரு நல்ல மெஷின். சடையாண்டியின் தங்கை கணவர், தவசி. அடிவாரத்துக்காரர்.

"மேலே காத்தே கிடையாதா? கொஞ்ச தூரம் ஏறினேன், நாக்கு வெளியே வந்துடுச்சு."

"எங்களுக்குப் போதுமானது இருக்கு தம்பி. உக்காருங்க."

தவசி உட்கார்ந்தார். மெஷினை மடியில் வைத்துக்கொண்டார்.

"கீழே வைங்க. யாரும் தூக்கிட்டு ஓட மாட்டாங்க."

"தூக்கிட்டு ஓடுறவனைப் பத்திப் பயமில்லம்மா. மச்சானைப் பத்தித்தான் பயம்."

சடையாண்டி சிரிக்கவில்லை. அவருக்கு இருந்த இரண்டு மெஷினும் போய்விட்டன. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு மெஷின் கொல்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் பட்ட மரங்களை அறுக்கும் வேலை இருந்தது. கையில் இருந்தது தவசியின் மெஷின் மட்டும். இதுவும் போனால் அண்ணன் வீட்டு அடுப்பும் அணையும், தங்கை வீட்டு அடுப்பும் அணையும்.

"அந்த ரெண்டையும் என்ன செஞ்சீங்க?"

"சைலன்சர் வாயைப் பெருசாக்கினேன். புகை தாராளமா வெளியே போனா வேகம் வரும்னாங்க. வந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, வாழைத்தண்டு மாதிரி அறுத்துச்சு."

"அப்புறம்?"

"மத்தியானத்துக்குள்ள செத்துப் போச்சு."

"எங்க வச்சுப் பெட்ரோல் திருகைச் சரி பண்ணினீங்க?"

"எங்க வீட்டு வாசல்ல. இதோ, இதுக்கு மேல் வளைவு."

"செத்தது?"

"ரெண்டும் கீழேதான்."

வேலுத்தாய் தலையாட்டினார்.

"இந்த மெஷின்லயும் அதே வேலையைச் செஞ்சு குடுங்க. ஆனா சாகக் கூடாது."

"நான் தொட மாட்டேன். நீங்க செய்ங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

தவசி மெஷினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

*

கடைசியில் தவசி கொடுத்துவிட்டார். சடையாண்டி துளை போடும் டிரில்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சைலன்சர் எஞ்சினோடு சேர்ந்தே இருந்தது.

"கழட்டலயா?"

"எதுக்கும்மா? அப்படியே ரெண்டு ஓட்டை போட்டா முடிஞ்சது."

வேலுத்தாய் மேசை ஓரத்தில் கிடந்த இரும்புத் தூளை ஒரு சிட்டிகை எடுத்தார். சடையாண்டியின் டீ கிளாசில் போட்டார்.

"குடிங்கண்ணே. ஆறிடப் போகுது."

சடையாண்டி டீயைப் பார்த்தார். பிறகு சைலன்சரைக் கழற்றினார். எஞ்சினின் புகை வாசலில் சுத்தமான துணியை அடைத்தார்.

"வேற டீ கிடைக்குமா?"

"வேலை முடியட்டும்."

ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று சடையாண்டி கேட்டார். எஞ்சினின் புகை வாசலில் முக்கால் பங்கைத் தாண்ட வேண்டாம் என்றார் வேலுத்தாய். எந்தப் பக்கம் என்று கேட்டார். பிடிக்கிற கைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் சூடு போகாத பக்கம் என்றார். சடையாண்டி அளந்து துளைத்தார். அரத்தால் ஓரத்தை ராவினார். உள்ளே இருந்த தூளைத் தட்டி, ஊதி, மறுபடியும் தட்டினார். கை வேலையில் அவர் சுத்தக்காரர்.

தீப்பொறியைத் தடுக்கும் சின்னக் கம்பி வலையை மட்டும் குப்பைப் பக்கம் எறிந்தார்.

"அது?"

"மூச்சை அடைக்குதும்மா. வாயைத் திறந்துட்டு வலையைக் கட்டினா எப்படி?"

வேலுத்தாய் வெளியே பார்த்தார். சரிவு முழுவதும் புல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

"உங்க வீடு அந்தச் சரிவுலதானே இருக்கு?"

சடையாண்டி எழுந்துபோய் வலையைப் பொறுக்கி வந்தார். கரி போகத் தேய்த்தார். வெளியே போகிற புகை முழுவதும் அதன் வழியாகவே போகும்படி பொருத்தினார்.

*

மறுநாள் காலை கேழ்வரகுக் களி. ஆளுக்கு ஓர் உருண்டை.

"இன்னிக்குத் திருகைத் தொடலாமா?"

"முதல்ல அந்தக் கட்டைகளைக் கொட்டகைக்குள்ள அடுக்குங்க."

சில்வர் ஓக் கட்டைகள். சடையாண்டி ஒரு குவியலை அடுக்கினார். மத்தியானம் ஓர் உருண்டை களி.

"பின்னால இன்னும் ரெண்டு குவியல் கிடக்குண்ணே."

அதையும் அடுக்கினார். பொழுது சாயும்போது ஓர் உருண்டை களி.

சடையாண்டி தட்டைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரம்மா. வேலை ரெண்டு பங்காச்சு. களி மட்டும் அதே உருண்டையா?"

தவசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அன்று ஒரு கட்டையையும் தொடவில்லை. மெஷினுக்குக் காவல் இருந்தார். அவருக்கு அந்த ஓர் உருண்டையே அதிகமாக இருந்தது.

வேலுத்தாய் மேசைமேல் இருந்த பிஸ்டன்களைப் பார்த்தார்.

சடையாண்டியும் பார்த்தார். கை களியிலேயே நின்றது.

"சைலன்சர் வாயைத் திறந்துவிட்டேன். காத்து கூடுதலா வந்துச்சு. வேலையும் கூடச் செஞ்சுச்சு."

"ம்."

"சோத்தை நான் கூட்டல."

"காத்து கூடினா பெட்ரோலும் கூடணும்ணே. பெட்ரோல்லதான் ஆயிலும் கலந்திருக்கு. அது குறைஞ்சா சூடேறும். காஞ்சுபோய் உரசும்." வேலுத்தாய் சட்டியை அவர் பக்கம் தள்ளினார். "இன்னும் ரெண்டு உருண்டை இருக்கு. உங்களுக்குன்னு எடுத்து வச்சதுதான்."

*

அடுத்த நாள் மூவரும் காது மூடிகளை மாட்டிக்கொண்டார்கள். மாட்டிய பிறகும் சத்தம் நன்றாகவே கேட்டது.

சடையாண்டி ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து போட்டார். மெஷினைத் தரையில் அழுத்திப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டார். சும்மா ஓடும்போது அறுக்கும் சங்கிலி அசையாதபடி சின்னத் திருகுகளை வைத்தார். அது அவருக்குத் தெரிந்த வேலை.

மிச்சம் இருந்தது வேகத் திருகு. முழு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பது அதன் கையில். இடப்பக்கம் திருப்பினால் கூடும். வலப்பக்கம் திருப்பினால் குறையும்.

கால் சுற்று இடப்பக்கம் திருப்பினார். விசையை முழுதாக அழுத்தினார்.

மெஷின் கரகரத்தது. சளி கட்டிய தொண்டை மாதிரி இருந்தது.

சடையாண்டியின் முகம் சுருங்கியது. ஊரில் மார்கழி பஜனைக்கு அவர்தான் முதல் குரல். பிசிறு அவருக்கு ஆகாது. திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம். கரகரப்பு போய்விட்டது. மெஷின் கம்பி இழுத்தது போல் ஒரே குரலில் பாடியது.

"அப்படிப் போடுங்க மச்சான்!" தவசி எழுந்தே விட்டார்.

வேலுத்தாய் கையை நீட்டி மெஷினை அணைத்தார்.

"சுருதி சேர்ந்துடுச்சும்மா," என்றார் சடையாண்டி.

"செத்துப்போன ரெண்டும் எந்தச் சுருதியில பாடுச்சு?"

சடையாண்டி யோசித்தார்.

"இதே சுருதிதான்."

தவசி மெதுவாக உட்கார்ந்தார்.

"பஜனையில தொண்டையை எப்போ செருமுவீங்க?"

"பாட்டு எடுக்கறதுக்கு முன்னால."

"பாட்டுக்கு நடுவுல?"

"நடுவுல செருமினா ஊரே சிரிக்கும்."

"இப்போ மெஷின் மரத்துலயா இருந்துச்சு?"

"இல்ல. சும்மா காத்துல."

வேலுத்தாய் ஒரு கட்டையைத் தாங்கியில் ஏற்றி வைத்தார். நகர்ந்து நின்றுகொண்டார்.

சடையாண்டி திருகை மறுபடியும் இடப்பக்கம் திருப்பினார். மெஷின் கரகரத்தது. இந்த முறை அவர் முகத்தைச் சுருக்கவில்லை. அப்படியே கட்டைக்குள் இறக்கினார்.

கரகரப்பு நின்றது. குரல் தெளிந்தது. கட்டை இரண்டாகி விழுந்தது.

மெஷினை வெளியே எடுத்தார். கரகரத்தது. உள்ளே விட்டார். பாடியது.

சடையாண்டி வாய்விட்டுச் சிரித்தார். இன்னொரு கட்டையை ஏற்றினார். அப்புறம் இன்னொன்றை. முந்தின நாள் அவரே அடுக்கியதில் பாதி விறகாகிவிட்டது. யாரும் தடுக்கவில்லை.

மெஷின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நுனி வறுத்த மல்லி நிறத்தில் இருந்தது.

"இதுதான் சரியான நிறம்," என்றார் வேலுத்தாய். "உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி."

தவசி கும்பிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் வைக்கும் வெள்ளைப் பெயிண்ட்.

"மச்சான், அந்தத் திருகு மேல ஒரு பொட்டு வச்சுடுங்க. இனிமே யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான்."

சடையாண்டிக்கும் அது சரி என்று பட்டது. குச்சியால் தொட்டு, திருகுக்கும் மெஷின் உடம்புக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். திருகு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டும்.

வேலுத்தாய் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது தன் சின்ன ஸ்க்ரூடிரைவரைச் சடையாண்டியின் சட்டைப் பையில் போட்டார்.

"மெஷின்தான் சரியாயிடுச்சே. இது எதுக்கும்மா?"

"இருக்கட்டும்ணே. கனமா என்ன?"

*

திங்கட்கிழமை. பஸ் மலையிறங்கும்போது சடையாண்டிக்குக் காது அடைத்துத் திறந்தது. எப்போதும் அப்படித்தான்.

மாந்தோப்பில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"மெஷின் கொல்லி வந்தாச்சுப்பா. இன்னிக்கு எத்தனை மணிக்குச் சாவு?"

"பார்த்துக்கிட்டே இருங்க," என்றார் தவசி. அவர் நடையே மாறியிருந்தது.

சடையாண்டி கயிற்றை இழுத்தார். சூடேற விட்டார். முதல் மரத்தின் பக்கம் போய் நின்று விசையை முழுதாக அழுத்தினார்.

மெஷின் பாடியது. காற்றில், மரத்தைத் தொடுவதற்கு முன்பே, பிசிறில்லாமல், கம்பி இழுத்தது போல்.

"கேட்டீங்களாடா!" தவசி ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "மேலே இருந்ததைவிட நல்லாப் பாடுது!"

சடையாண்டி உடனே அணைத்தார்.

தோப்பு அமைதியாகிவிட்டது. யாரோ ஒருவர் சிரித்தார்.

சடையாண்டி மெஷினைத் திருப்பித் திருகைப் பார்த்தார். வெள்ளைக் கோடு உடையவில்லை. யாரும் தொடவில்லை. நிமிர்ந்து மலையைப் பார்த்தார். கொட்டகை இருக்கும் இடத்தில் மேகம் நின்றது.

"மச்சான், என்ன ஆச்சு? மரத்துல வைங்க!"

"மாப்ள, அன்னிக்கு மேலே வந்தப்போ ஏன் அப்படி மூச்சு வாங்குச்சு உங்களுக்கு?"

"இப்போ அதா முக்கியம்? அங்க காத்தே இல்ல மச்சான்."

"இங்க?"

"இங்க என்ன? காத்துக்கு என்ன குறை?"

"காத்து கூடிடுச்சு. களி அதே உருண்டைதான்." சடையாண்டி சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதன் நுனியால் வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினார்.