பூசணிப் பூவும் வாசல் தோரணமும்

பூசணிக்குப் பேர்போன ஒரு ஊரில், தான் சொன்னதே சட்டம் என்று ஒரு பண்ணையார் இருந்தார். பேரனின் காதுகுத்து விருந்தன்று காலையில், தோட்டவேலை பார்க்கும் செங்காயியைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இந்தப் பூசணிப் பூவோட மஞ்ச இதழெல்லாம் வெறும் மினுக்கு. கொடியோட சத்தைத் தின்னுது. எல்லாத்தையும் கிள்ளிப் போடு. ஆனா காய் குறைஞ்சுதுன்னா உனக்கு இங்க வேலை இல்ல!"

"மினுக்கு ஆகாதுங்களா எசமான்? சரிங்க."

செங்காயி நேரே வீட்டு வாசலுக்குப் போனாள். வாழைமரத்தை எடுத்தாள், தோரணத்தை அவிழ்த்தாள், மேளக்காரர்களைக் கொல்லைப்புறம் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

இலை போட்டாச்சு, பாயசமும் ஆறிப்போச்சு, வெளியூர் விருந்தாளி ஒருத்தரும் வரவில்லை. அவர்கள் வண்டிகளெல்லாம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. பண்ணையார் குதித்தார்.

"யாரு இதையெல்லாம் கழட்டுனது?"

"நாந்தானுங்க. வெறும் மினுக்குத்தானுங்களே! பாயசம் உள்ள பத்திரமா இருக்குதுங்க."

"கூறுகெட்டவளே, தோரணம் இல்லாம விருந்து இங்கதான்னு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தேனீயும் அதைத்தானுங்க கேக்குது. இதழைப் பாத்துத்தான் பந்தி இங்கன்னு வரும். அது வந்து பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சேத்தாத்தான் காயே பிடிக்கும்."

பண்ணையார் வெறும் வாசலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"முதல்ல தோரணத்தைக் கட்டு!"

"இதழைக் கிள்ளணுங்களா?"

"தொட்டுப்பாரு, தெரியும் சேதி!"

மேளம் முழங்கியது, போன வண்டிகள் திரும்பின. தோட்டத்துப் பந்தியில் தேனீக்கள் எப்போதோ கை நனைத்துவிட்டன.